சுவிஸிலை இருந்து வந்த ஓவன்

முதலே சொல்லிப்போடுறன், எனக்குப் பேய் பிசாசு எண்டு ஒண்டிலையும் நம்பிக்கை இருந்ததில்லை. நான் எழுவைதீவிலை பிறந்து வளந்தனான். பின்னேரம் கடைசி வள்ளம் போச்சுதெண்டால் பேந்து தீவிலை நாங்களும் நாயளும்தான். அங்கை முனியைக் கண்டனாங்கள், வெள்ளைச் சீலையைக் கண்டனாங்கள் எண்டு ஆக்கள் சொல்லாத கதை இல்லை. நான் கடற்கரையாலை தனியத்தான் நடந்து வாறனான், ஒரு முனியும் வந்து என்னட்டை சுகம் விசாரிக்கேல்லை. எனக்குப் பயம் முழுக்க உயிரோடை இருக்கிற ஆக்களிலைதான். ஆர் என்ன சொன்னாலும் இவர் ஏன் இப்பிடிச் சொல்லுறார் எண்டு ஒருக்கால் யோசிச்சுப் பாக்காமல் விடமாட்டன். அதுக்கு என்ரை மனிசன் என்னைச் சிஐடி எண்டு கூப்பிடுறவர். அப்பிடிப்பட்ட நான்தான் இதைச் சொல்லுறன், நீங்கள் நம்பினாலும் சரி, பின்னாலை போய்ச் சிரிச்சாலும் சரி.

நாங்கள் இப்ப இருக்கிறது புங்குடுதீவு மடத்துவெளியிலை. வீடு எங்கடை இல்லை. இவரின்ரை அக்கா, அதாவது எனக்கு மச்சாள், குடும்பத்தோடை சுவிஸிலை இருக்கிறா, அவ கட்டின வீடு. வெளிநாட்டிலை இருக்கிற ஆக்கள் இஞ்சை இருக்கிற வீட்டைச் சும்மா பூட்டி வைக்க மாட்டினம், சொந்தத்துக்குள்ளை ஒரு குடும்பத்தை இருத்தி, விளக்கேத்துங்கோ, முத்தம் கூட்டுங்கோ எண்டு விடுவினம். வாடகை இல்லை. வாடகை குடுக்கிறவைக்கு இருக்கிற மதிப்பும் எங்களுக்கு இல்லை. மச்சாளுக்கு ரெண்டு சட்டம். பின்னேரத்திலை சாமியறையிலை விளக்கு எரிய வேணும், வீட்டுக்குள்ளை மச்சம் மாமிசம் சமைக்கப்படாது. மீன் வாங்கினால் பின்னாலை கொட்டிலிலைதான் காய்ச்சுறனான். இது ரெண்டும் நடக்குதோ எண்டு பாக்க ஹோலிலை ஒரு கமெரா பூட்டி வைச்சிருந்தவ, சாமியறைக் கதவை நேரை பாத்தபடி. சுவிஸிலை சோபாவிலை இருந்துகொண்டு விளக்கு ஏத்தினதோ இல்லையோ எண்டு பாப்பா. ஒருநாள் மழைக்கு உடுப்பைக் கொண்டுவந்து ஹோலிலை கொடி கட்டிக் காயப்போட்டன், உடனை ஃபோன், "கலா, சாமியறைக்கு முன்னாலை உதென்ன உள்பாவாடை?"

சரி, அவவின்ரை வீடு, அவ கேக்கத்தான் செய்வா. எங்களுக்கு வேறை போக்கிடம் இல்லை. எழுவைதீவிலை என்ரை அப்பாவின்ரை காணிக்குள்ளை பாதி கட்டின வீடு ஒண்டு நிக்குது. நான் கேக் அடிச்சு விக்கிறனான். பிறந்தநாள், சாமத்தியவீடு, திருவிழாவுக்கு வெளியிலை இருந்து வாற ஆக்கள் எண்டு ஓடர் வரும். இவருக்கு சங்கக்கடையிலை கிடைக்கிற சம்பளமும் என்ரை கேக்கும் சேந்துதான் மகளைக் கொழும்பிலை படிப்பிக்குது. எழுவைதீவுக்குப் போனால் ஆர் வள்ளம் ஏறி வந்து கேக் வாங்குவினம்? அதாலை மச்சாள் என்ன சொன்னாலும் "ஓம் மச்சாள்" எண்டுதான் நான் இருந்தனான், பல்லைக் கடிச்சுக்கொண்டு.

என்ரை பழைய ஓவன் பழுதாப் போக, அவ தான் பாவிச்ச ஓவனைப் பெட்டியிலை போட்டு அனுப்பினவ. நல்ல பெரிய ஓவன், கண்ணாடிக் கதவு, உள்ளுக்கை லைற். முதல்நாள் ஒரு சின்னக் கேக்கை வைச்சுச் சுவிச்சைப் போட்டன். கொஞ்சம் சூடு ஏறிச்சுது, பேந்து டக் எண்டு ஒரு சத்தம், வீடு முழுக்கக் கரண்ட் நிண்டிட்டுது. ஹோலுக்குப் போய்ப் பாத்தால் சாமியறைக் கதவுக்குப் பக்கத்திலை இருக்கிற போர்ட்டிலை ட்றிப் சுவிச் விழுந்து கிடக்குது. தூக்கிவிட்டன். ஓவனைப் போட்டன். திரும்ப டக். அடிச்சு வைச்ச கேக் கலவை எல்லாம் வீண், அண்டைக்கு எனக்கு வந்த விசருக்கு அளவில்லை.

அதுக்குள்ளை ஃபோன் அடிக்குது. "கலா, கமெரா ஏன் நிண்டது?"

கரண்ட் நிண்டால் வைபையும் நிக்கும், கமெராவும் நிக்கும் எண்டது அப்பதான் எனக்கு மண்டையிலை ஏறிச்சுது. ஓவன் ட்றிப் ஆகுது மச்சாள் எண்டு சொன்னன். "எனக்கு இஞ்சை ஒருக்காலும் உப்பிடி நடக்கேல்லையே" எண்டா. குரலிலை ஒரு இழுவை. எனக்கு உடனை விளங்கீட்டுது, நான் ஏதோ ஒளிக்கிறதுக்குக் கமெராவை நிப்பாட்டுறன் எண்டு நினைக்கிறா. ரெண்டு மூண்டு தரம் இப்பிடி நடந்தாப் பிறகு நேரையே கேட்டுப்போட்டா, "கோழி கீழி உள்ளுக்கை கொண்டு போறீரோ?" அதே ஓவனிலை அவ சுவிஸிலை எத்தினை கோழி வாட்டியிருப்பா எண்டு கேக்க வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிப்போட்டன்.

எனக்கும் சந்தேகம் இல்லாமல் இல்லை. இப்ப எல்லாத்தையும் ஃபோனாலையே செய்யலாமாமே, அங்கை இருந்துகொண்டு ஏதோ பட்டனை அமத்தி இவதான் கரண்டை நிப்பாட்டுறா, எங்களை வீட்டாலை எழுப்பிறதுக்கு வழி பாக்கிறா எண்டு நான் நினைச்சன். அவவின்ரை புருசன்ரை ஆக்கள் கொஞ்சப்பேர் இந்த வீட்டிலை வந்து இருக்கக் கேட்டுக்கொண்டு இருந்தவை, அது எனக்குத் தெரியும். இவரிட்டைச் சொன்னன். "அக்கா அப்பிடிப்பட்ட ஆள் இல்லை, நீர்தான் ஓவனுக்குள்ளை அளவுக்கு மிஞ்சி அடைஞ்சு வைக்கிறீர்" எண்டு எனக்கே திருப்பிவிட்டார். தமக்கையைச் சொன்னால் இவருக்குக் காது கேளாது.

வேலணையிலை இருந்து ரூபன் எண்டு ஒரு வயறிங் செய்யிற பெடியனைக் கூப்பிட்டன். வந்து பாத்திட்டு, "கடல் காத்து அக்கா, எலிமெண்டுக்குள்ளை ஈரம் பிடிச்சிருக்கும், கரண்ட் கசியுது, அதுதான் விழுது" எண்டான். ஓவனைக் கொண்டுபோய்த் தன்ரை கடையிலை காயவிட்டு, ஒரு பின்னேரம் முழுக்கப் போட்டு வைச்சிருந்தவனாம், ஒண்டும் ஆகேல்லை. கொண்டுவந்து எங்கடை குசினியிலை பூட்டினான், டக். எலிமெண்டை மாத்தினான், டக். பிளக்கை மாத்தி, குசினிக்குப் புது வயர் இழுத்து, கடைசியா ட்றிப் சுவிச்சையே புதுசாப் போட்டான். அதுவும் டக். இவன் எங்களை வைச்சு உழைக்கப் பாக்கிறான் எண்டு எனக்கு அவனிலையும் ஐமிச்சம் வந்திட்டுது. அதுக்காகவே ஓவனைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பாத்தன். அங்கை ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்யுது. அவையின்ரை ஓவனை இஞ்சை கொண்டுவந்து போட்டன், அதுவும் வேலை செய்யுது. இந்த ஓவன் இந்த வீட்டிலைதான் ஏலாது எண்டுது. அதை யோசிச்சு யோசிச்சு எனக்குச் சாப்பாடும் இறங்கேல்லை.

ஒருநாள் ரூபன் போர்ட்டுக்கு முன்னாலை நிண்டு கனநேரம் பாத்துக்கொண்டு இருந்தான். மச்சாள் அப்ப ஃபோனிலை நிண்டவ, அவனோடை கதைக்க வேணும் எண்டு சொன்னதாலை நான் சத்தமாப் போட்டு வைச்சிருந்தனான். அவன் அவ கேக்கிறது தெரியாமல் சொல்லிப்போட்டான், "அக்கா, நான் போட்டிருக்கிற இந்தச் சுவிச் தானாய் விழுந்தால் பாதியிலைதான் நிக்கும். இது அடிமட்டும் போயிருக்கு. ஆரோ கையாலை நிப்பாட்டினால்தான் இப்பிடி வரும்." சொல்லிப்போட்டு என்ரை முகத்தைப் பாக்கிறான். சுவிச் விழேக்கை நான் குசினியிலை நிண்டனான், அவனும் என்னோடைதான் நிண்டவன், ஆனாலும் பாக்கிறான்.

மச்சாள் ஃபோனுக்குள்ளை ஆறுதலாச் சொன்னா, "கலா, நான் தம்பியோடை கதைக்கிறன். இந்த மாதத்தோடை நீங்கள் வேறை இடம் பாக்கிறது நல்லது." அவ்வளவுதான். கோவப்பட்டுக் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பன். அண்டைக்கு இவர் வந்து, தமக்கையோடை கதைச்சுப்போட்டு, கதிரையிலை இருந்த இருப்பை என்னாலை பாக்க ஏலாமல் கிடந்தது. தனக்கெண்டு ஒரு வீடு கட்டேல்லையே எண்டது அந்த மனிசனுக்குப் பெரிய கவலை. வாய் விட்டுச் சொல்ல மாட்டார்.

நான் விடுற ஆள் இல்லை. அடுத்தநாளே மச்சாளுக்கு எடுத்தன். "மச்சாள், வீட்டை விட்டு எழும்பச் சொன்னால் எழும்புறம். கள்ளி எண்ட பேரோடை எழும்ப மாட்டன். நீங்களே பாருங்கோ" எண்டன். ரூபனைக் கூப்பிட்டு, கமெராவையும் வைபையையும் ஒரு பற்றரியிலை கொழுவச் சொன்னன். இனிக் கரண்ட் நிண்டாலும் கமெரா நிக்காது. நான் குசினியிலை நிண்டு வீடியோவிலை மச்சாளோடை கதைக்கிறது, அதே நேரம் அவ மற்ற ஃபோனிலை ஹோல் கமெராவைப் பாக்கிறது. போர்ட்டிலை ஆர் கை வைக்கினம் எண்டு அவவே காணட்டும். மச்சாள்தான் ஆரோ ஆளை வைச்சு விளையாடுறா எண்டு அப்பவும் என்ரை மனதுக்குள்ளை கிடந்தது, அகப்பட்டால் நாறடிக்கிறது எண்டுதான் இருந்தனான்.

பேய்க்கதை எண்டால் நடுச்சாமம், நாய் ஊளை எண்டு சொல்லுவினம். இது நல்ல வெயில் எறிக்கிற பின்னேரம், பௌர்ணமிப் போயா லீவு, இவர் வீட்டிலை. இவரும் ரூபனும் வெளியிலை மீற்றரடியிலை நிண்டு கதைச்சுக்கொண்டு நிண்டவை, குசினி யன்னலாலை ரெண்டு பேரையும் நான் காணுறன். முன்கதவை நானே பூட்டிப்போட்டு வந்தனான். ஓவன் வந்த பெட்டிக்குள்ளை மச்சாள் எனக்கெண்டு அனுப்பின ஒரு புதுச் சோட்டி, வீட்டிலை போடுற சட்டை, மஞ்சளிலை சின்னப் பூப் போட்டது, சும்மா வைச்சிருந்ததை அண்டைக்குத்தான் முதன்முதல் போட்டனான். அவ காணட்டும் எண்டுதான்.

ஃபோனைச் சீனிப் போத்தலோடை சாய்ச்சு வைச்சுப்போட்டு ஓவனைப் போட்டன். லைற் பத்தினது. கை ரெண்டையும் அவ காணக்கூடியதாக் கட்டிக்கொண்டு நிண்டனான். ஒரு சாமானும் உள்ளுக்கை இல்லை, வெறும் ஓவன். சூடு ஏறுது.

டக்.

பிரிஜ்சின்ரை இரைச்சலும் நிண்டு வீடு அமைதியாப் போச்சுது. நான், "பாத்தீங்களே மச்சாள், நான் அசையேல்லை" எண்டன். அவ என்னைப் பாக்கேல்லை. மற்ற ஃபோனைப் பாத்துக்கொண்டு இருக்கிறா.

"கலா, நீர் எங்கை நிக்கிறீர்?"

"இஞ்சைதானே நிக்கிறன், நீங்கள் பாத்துக்கொண்டுதானே இருக்கிறியள்."

"அப்ப போர்ட்டடியிலை நிக்கிறது ஆர்?"

எனக்கு முதல் வந்தது கோவம்தான். ஆளை வைச்சிருக்கிறா எண்டு நான் நினைச்சது சரி எண்டு. ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடினன், குசினியிலை இருந்து ஹோலுக்கு எத்தினை அடி, ஒரு மூச்சுத்தான். ஒருத்தரும் இல்லை. சாமியறைக் கதவு நான் சாத்தினபடி கிடக்குது. முன்கதவு பூட்டினபடி. சுவிச் அடிமட்டும் விழுந்து கிடக்குது. மச்சாள் ஃபோனுக்குள்ளை சொல்லுறா, "இப்ப நீர் வந்து நிக்கிறீர். நீர் வாறதுக்கு முதலும் நீர்தான் நிண்டனீர். அதே மஞ்சள் சோட்டி. நிப்பாட்டிப்போட்டு நீர் நிண்ட குசினிப் பக்கம்தான் போனனீர்." பொய் சொல்லுற குரல் எனக்குத் தெரியும், அது அப்பிடி இல்லை. பேந்து ஃபோனை வைச்சிட்டா.

இவரும் ரூபனும் உள்ளுக்கை வந்திச்சினம். என்னெண்டு சொல்லுறது? கமெராவிலை ஏதோ நிழல் விழுந்ததாம் எண்டு சொன்னன். ரூபன் உடனை, "பழைய வீடியோ ஏதும் சிக்கி வந்திருக்கும் அக்கா, உந்தக் கமெராவள் அப்பிடித்தான்" எண்டான். நானும் அதைத்தான் பிடிச்சுத் தொங்கப் பாத்தன். ஆனா அந்தச் சோட்டி அண்டைக்குத்தான் முதல்தரம் என்ரை உடம்பிலை ஏறினது. பழைய வீடியோவிலை அது எப்பிடி வரும் சொல்லுங்கோ.

அண்டு பொழுதுபடேக்கை மச்சாள் அந்தத் துண்டு வீடியோவை எனக்கு அனுப்பிவிட்டா. ஒரு எழுத்தும் போடேல்லை. நான் கிணத்தடியிலை போய் நிண்டு தனியப் பாத்தனான். நான்தான். என்ரை நடைதான், இடப்பக்கம் கொஞ்சம் சரிஞ்சு நடக்கிறது. சுவிச்சின்ரை பிடியைப் பிடிச்சு ஆறுதலாக் கீழை இழுக்கிறா, தண்ணிப் பைப்பைப் பூட்டுற மாதிரி, ஒரு அவசரமும் இல்லை. இழுத்துப்போட்டுக் கொஞ்ச நேரம் போர்ட்டிலை கை வைச்சபடி நிக்கிறா. பேந்து திரும்புறா. திரும்பேக்கை முகம் வடிவாத் தெரியுது.

நெத்தியிலை பொட்டில்லை. கழுத்திலை தாலிக்கொடி இல்லை.

நான் அந்த இடத்திலையே கிணத்துக்கட்டிலை இருந்திட்டன். என்ரை கழுத்தைத் தடவித் தடவிப் பாத்தன், கொடி கிடக்குது. உள்ளுக்கை இவர் ரூபனுக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுத்துக்கொண்டு பகிடி விட்டுக்கொண்டு இருக்கிறார், அந்தச் சத்தம் கேக்குது. எனக்கு அழுகை வந்திட்டுது. சத்தம் போடாமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதன். வீடியோவை உடனை அழிச்சுப்போட்டன். இவருக்கு இண்டைவரைக்கும் தெரியாது.

ரெண்டு மூண்டு நாளாலை மச்சாள் இவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறா, தாங்கள் இனி அங்கை வந்து இருக்கப் போறேல்லை, நீங்களே உங்கடை வீடு மாதிரிப் பாத்துக்கொண்டு இருங்கோ, கமெராவையும் கழட்டச் சொல்லுங்கோ எண்டு. இவருக்குப் பிடிபடாத சந்தோசம். வேலிக்கரையிலை இராசவள்ளிக் கிழங்கு வைச்சார், முன்பக்கம் வெள்ளை அடிச்சார். "பாத்தீரே, அக்கா நல்லவ எண்டு சொன்னன்தானே" எண்டு என்னைப் பாத்துச் சிரிக்கிறார். நான்தான் இஞ்சேருங்கோ, எழுவைதீவு வீட்டை ஒரு பக்கமாத் திருத்திக்கொண்டு அங்கை போவமே எண்டு கேட்டன். உமக்கு விசரோ எண்டார். என்ன காரணம் சொல்லுறது? வீட்டுக்காகச் சண்டை பிடிச்சதே நான்தானே.

ஓவன் அண்டைக்குப் பிறகு ஒருநாளும் ட்றிப் ஆகேல்லை. ரூபனுக்குத் தான் திருத்தினது எண்ட நினைப்பு. மகளின்ரை படிப்புக்காக நான் அதிலைதான் கேக் அடிக்கிறன், வேறை வழியில்லை. ஆனா அது எரியேக்கை இவரைக் குசினிப் பக்கம் அண்ட விடுறேல்லை. ஈரக்கையோடை வாறார், பிளக்கிலை கை வைக்கிறார் எண்டு நான் பேச, இவளுக்கு என்ன வந்ததெண்டு என்னை ஒரு மாதிரிப் பாக்கிறார். ட்றிப் ஆன காலத்திலை ஏன் ஆகுது எண்டு திட்டினனான். இப்ப ஏன் ஆகேல்லை, அவ ஏன் வந்து நிப்பாட்டேல்லை எண்டு யோசிச்சுக்கொண்டு நிக்கிறன்.

மச்சாளும் நானும் அந்த வீடியோவைப் பற்றி ஒரு சொல்லும் கதைச்சதில்லை. அவ அதிலை அந்த முகத்தைக் கவனிச்சவவோ இல்லையோ எண்டு நான் கேக்கவும் இல்லை. ஆனா இப்ப அவ எந்த நாளும் எடுக்கிறா. எடுத்தவுடனை "தம்பி நிக்கிறானே?" எண்டு கேப்பா. நிக்கிறார் எண்டால் காணாது, அவரைக் கதைக்கச் சொல்ல வேணும். அவரின்ரை குரல் கேட்டாப் பிறகுதான் மற்றக் கதை எல்லாம். நேற்றும் எடுத்தவ. இவர் கிணத்தடியிலை குளிச்சுக்கொண்டு நிண்டவர். குளிச்சுப்போட்டு வருவார் மச்சாள் எண்டன். அவ ஃபோனை வைக்கேல்லை. நானும் வைக்கேல்லை. வாளி கிணத்துக்குள்ளை போய் வாற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அவர் தலை துவட்டிக்கொண்டு உள்ளுக்கை வருமட்டும், ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்காமல் ஃபோனைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனாங்கள்.